கசரத்துக் கூடத்தின் சாவி

தமிழ்த்துறை மலருக்கு ஒரு விரிவுரையாளர் கட்டுரை தருகிறார் என்றால், அகத்திணை மரபையோ சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தையோ பற்றி எழுதுவார் என எதிர்பார்ப்பதே இயல்பு. இவ்வாண்டு யாம் அவ்வழக்கத்தினின்று சற்று விலகுகின்றோம். நாற்பத்து நான்காம் வயதில், இதுவரை இரும்பைத் தொட்டறியாத கையால், உடற்பயிற்சிக் கூடத்தில் அடியெடுத்து வைத்த ஒருவரின் பட்டறிவையும், அதிலிருந்து எம் உள்ளத்தில் எழுந்த ஒரு கோரிக்கையையும் இங்கே எழுதுகின்றோம். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் புறநானூற்றில் வீரம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அப்பாட்டுக்கு மட்டும் யாம் பதினோரு பக்கம் விளக்கம் எழுதினோம். மல்லனின் மார்பில் ஊன்றிய முழங்காலைப் பற்றி அத்தனை எழுதிய எமக்கு, எம் முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாதிருந்தது. அது தெரிய வந்தது தலைச்சோலையில்.

2022 டிசம்பரில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக மாணவர்களுடன் சேர்வராயன் மலைக்குச் சென்றோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்து ஏறிக் கடந்தபோது எமக்கு ஒரு களைப்பும் இல்லை. ஏறியது பேருந்துதானே! ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் தங்கி, அங்குள்ள சிற்றூர்களில் வீடு வீடாகக் கணக்கெடுப்பது எங்கள் பணி. காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாம் நாள் காலை, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு தோட்டத்தின் ஊடே, மேட்டிலுள்ள குடியிருப்புக்கு ஏற வேண்டியிருந்தது. அரைமணி வழி என்றார்கள். முதல் திருப்பத்திலேயே யாம் ஒரு பாறைமேல் அமர்ந்தோம். இரண்டாம் முறை அமர்ந்தபோது மாணவர் ஒருவர் எம் கைப்பையை வாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை அமர்ந்திருந்தபோது, எம் அன்னையின் வயதொத்த மூதாட்டி ஒருவர் தலையில் விறகுக்கட்டுடன் எம்மைக் கடந்து மேலேறினார். நின்று திரும்பி, "ஏன் சார், மேலுக்கு ஆகலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிந்திருக்கிறது என்று மாணவர்களுக்கு அறிவியல் விளக்கம் தந்தோம். அந்த மெலிந்த காற்றைத்தான் அம்மூதாட்டியும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார் என்பதை எவரும் சுட்டிக்காட்டவில்லை. நல்ல மாணவர்கள்.

ஊர் திரும்பியதும் குருதியைச் சோதித்தோம். வெறும்வயிற்றில் சருக்கரை 118. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாயிற்படியில் நிற்கிறது என்றார் மருத்துவர். எம் தந்தையும் அவருடைய தமையனாரும் அவ்வாயிற்படியைக் கடந்து உள்ளே போனவர்கள். பெரியத்தா ஒரு காலை இழந்த பின்னரே இறந்தார். ஆகவே அந்த எண் எமக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. மலைமக்களின் உழைப்பைக் கண்டு, "அவர்களைப் போல் வாழ்ந்தால் நோயில்லை" என்று நகரத்தார் பாராட்டி எழுதுவதுண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரல்லர், மலையை ஆள்வோர் எனப் பெயர் கொண்டவர்) விறகும் காப்பி மூட்டையும் சுமப்பது உடல்நலத்துக்காக அன்று. அந்தச் சுமையின் அளவை அவர்கள் தீர்மானிப்பதில்லை, முதுகு வலித்தால் நாளை வேண்டா என்று சொல்லவும் இயலாது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் எவ்வளவு சுமப்பது, எப்போது இறக்கி வைப்பது என்பது சுமப்பவர் கையில் இருக்கிறது. அந்த உரிமை வாய்த்தும் அதைப் பயன்படுத்தாமல் நாற்காலியில் இருபதாண்டு அமர்ந்திருந்தவர்கள் நாம்.

நாம் எனப் பன்மையில் சொல்வது வெறும் நடைக்காக அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகியவற்றில் நடந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. அதில் 14,227 பேரைக் கேட்டறிந்ததில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் போதிய உடலியக்கம் இல்லாதவர். பொழுதுபோக்காக விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்வோர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. அதே ஆய்வின் நாடு தழுவிய முடிவு 2023இல் வந்தபோது, நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல், வாயிற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டார்கள்.

வாயிற்படியில் நிற்பவர் திரும்பி வர இயலுமா? இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே, சென்னையிலேயே விடை தேடியிருக்கிறார்கள் என்பதை யாம் பிந்தித்தான் அறிந்தோம். மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. எம் நிலையில் இருந்த 531 பேரை நான்காகப் பிரித்தார்கள். முதற்பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு உணவு ஒழுங்கும், நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்த நடையும். மூன்றாம் பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு இரண்டும். மூன்றாண்டுக் கணக்கில், முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடந்தவர்களில் 39. மாத்திரை உண்டவர்களில் 40 அல்லது 41. இரண்டும் கொண்டவர்களில் 39 அல்லது 40. அதாவது நடை மாத்திரைக்கு ஈடு நின்றது. நடையோடு மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை. இந்த ஆய்வு நம் பாடநூல்களில் ஏன் இடம்பெறவில்லை என்பது எமக்குப் புரியாத ஒன்று.

நடை போதுமென்றால் கூடம் எதற்கு என்று வினவலாம். நாம் உண்ணும் மாவுப்பொருள் சருக்கரையாகிக் குருதியில் கலந்தபின், அதில் பெரும்பகுதியை வாங்கி வைக்கும் களஞ்சியம் தசையே. முப்பது வயதுக்குப் பின், பயன்படுத்தாதவரிடத்தில் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைகிறது என்பர். களஞ்சியம் சுருங்கினால் நெல்லை எங்கே கொட்டுவது? ஆதலால்தான் உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இருநாளேனும் வேண்டும் என்று தனியே குறித்தது. வயதாகிவிட்டதே என்பாருக்கும் விடை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது தொண்ணூறான பத்துப்பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி தந்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறில் முளைக்கும் வித்து நாற்பத்து நான்கில் முளைக்காதா?

இவ்வளவும் படித்துத் தெளிந்து, 2023 சனவரியில் ஊரிலுள்ள ஒரு தனியார் ஜிம்மில் ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினோம். முதற்பிழை அதுதான். கட்டணம் செலுத்திய அன்றே பாதி உடற்பயிற்சி செய்துவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது.

உள்ளே நான்கு புறமும் நிலைக்கண்ணாடி. எங்குத் திரும்பினும் எம் வயிறு எம்மை வரவேற்றது. காதைப் பிளக்கும் இசை. எம்மிடம் யாப்பிலக்கணம் பயின்று, அதில் மும்முறை தேர்ச்சி பெறாத மாணவர் ஒருவர் மூலையில் ஏதோ மலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க ஐயா" என்று கைகட்டி நின்றார். அந்த மரியாதையே எமக்குக் கூச்சத்தை இரட்டிப்பாக்கியது. பயிற்றுநர் எம் வயதையோ நோயையோ கேட்கவில்லை. எட்டு வகைப் பயிற்சி, வகைக்கு மூன்று சுற்று என்றார். மாணவர் முன்னிலையில் முடியாது என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அத்தனையும் செய்து முடித்தோம்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் கரும்பலகையில் எழுதக் கை தோளுக்குமேல் எழவில்லை. மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினோம். வைகறைத் தொழுகையில் சுஜூதிலிருந்து எழ முழங்கையை ஊன்ற வேண்டியதாயிற்று. பழகாத தசைக்குச் சுமை ஏற்றினால், குறிப்பாகச் சுமையை மெல்லக் கீழிறக்கும் அசைவினால், தசையிழைகளில் நுண்ணிய சிதைவு நேர்கிறது. அவ்வலி ஒருநாள் கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சம் பெற்று அடங்கும். இயல்பான ஒன்றே. (சிறுநீர் காப்பி நிறத்தில் கறுத்துப் போனால் மட்டும் அது இயல்பன்று; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.) இவ்விளக்கத்தை எவரும் எமக்கு முன்னரே சொல்லவில்லை. எம் உடல் இதற்குரியதன்று என முடிவு செய்து நின்றுவிட்டோம். செலுத்திய கட்டணம் செலுத்தியதுதான்.

அக்காலத்தில் ஒருநாள் அகராதியைப் புரட்டியபோது கசரத்து என்னும் சொல் கண்ணில் பட்டது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைச் சுழற்சி ஆகியவற்றை நம் முன்னோர் கசரத்து என்றே வழங்கினர். அரபியில் மிகுதி, பெருக்கம் எனப் பொருள்படும் சொல் உருதுவின் வழியே தமிழுக்கு வந்து உடற்பயிற்சியைக் குறித்தது. பயில்வான் என்பதும் அவ்வாறே பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளி. எம் தவறு அச்சொல்லிலேயே ஒளிந்திருந்தது போலத் தோன்றிற்று. மிகுதியை முடிவில் அடைவதற்குப் பதிலாக முதல் நாளிலேயே தேடியிருக்கிறோம். ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தாரென்று போற்றப்படும் காமா பயில்வான் என்ற குலாம் முகம்மது, 1888இல் சோத்பூர் அரண்மனைப் போட்டியில் கவனம் பெற்றபோது அவருக்குப் பத்து வயது. மல்லர் குடும்பத்தில் பிறந்து, அதற்கும் முன்பே பயிலத் தொடங்கியவர். நாமோ அவருடைய முடிவைப் பார்த்து நம் தொடக்கத்தை அமைத்துக்கொள்கிறோம். தென்மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல்லும் அப்படியே. அதை முழங்காலுக்கும் மார்புக்கும் தோளுக்கும் ஏற்றிப் பின்புறம் எறிந்தவன் பெயரை ஊர் நினைவில் வைத்தது. அதற்குமுன் எத்தனை வைகறையில் அவன் அதை அசைத்து மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பினான் என்பதை ஊர் நினைவில் வைக்கவில்லை.

எம் அன்னை படிப்பறியாதவர். யாம் ஜிம்மை விட்ட கதையைக் கேட்டுவிட்டு, சிறிதாயினும் விடாமல் செய்யும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்ற நபிமொழிக் கருத்தைத் தம் பேச்சில் சொல்லி, "நீ ஏன் வாத்தா பெருசா தொடங்குன?" என்று கேட்டார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வொன்று 2010இல் ஏறத்தாழ இதையே எண்களில் சொல்லியிருக்கிறது. 96 பேரை ஒரு சிறு புதுச்செயலை நாளும் ஒரே வேளையில் செய்யவைத்து, அது தானே நிகழும் பழக்கமாவதற்கு எத்தனை நாள் ஆகிறது எனப் பார்த்தார்கள். இடைநிலை 66 நாள். ஆனால் சிலருக்குப் 18 நாள், சிலருக்கு 254 நாள் எனக் கணக்கிட்டனர். ஒருநாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதே அதில் எமக்கு ஆறுதல் தந்த பகுதி. இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் வந்துவிடும் என்று மேடையில் முழங்குவோரை இனி ஐயத்தோடு கேட்கலாம்.

2023 ஆகத்தில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை நம் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில். விளையாட்டுத் திடலின் கோடியில் அப்படி ஓர் அறை இருப்பதே நம்முள் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும் வீரர்களுக்காக மாலையில் திறப்பார்கள். மற்ற நேரம் பூட்டு. உடற்கல்வி இயக்குநர் எம் நண்பர். சாவியைக் கையில் தந்தவர், "முதல் மாதம் எடையைத் தொடவே கூடாது" என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் யாம் முன்பு கட்டிய ஆறு மாதக் கட்டணத்தைவிட மதிப்புடையது.

வைகறைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து நேரே கூடம். ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்டிவிட்டால், புதியதற்குத் தனியாக மனவுறுதி தேட வேண்டியதில்லை. வாரம் இருநாள், திங்களும் வியாழனும். முதல் மாதம் நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், கதவுநிலையில் கட்டிய துண்டைப் பிடித்து இழுத்தல். ஒவ்வொன்றும் எட்டு முறை, மொத்தம் பதினைந்து நிமிடம். இன்னும் செய்யலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பது இயக்குநரின் ஆணை. இரண்டாம் மாதம் இரண்டு கிலோ டம்பெல். பன்னிரண்டு முறை தடுமாறாது செய்ய முடிந்தால் மட்டுமே அடுத்த எடை. வகுப்பின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் எம் பெயரை மட்டும் எழுதி, வந்த நாளும் தூக்கிய எடையும் குறித்தோம். நோன்பு மாதத்தில் நேரத்தை இரவுக்கு மாற்றி அளவையும் பாதியாக்கினோம், நிறுத்தவில்லை. இருபது கிலோ எடையுள்ள வெற்று இரும்புத்தண்டை முதுகில் வைத்து முதன்முறை அமர்ந்தெழுந்தது 2024 சூனில். வீரர்கள் அதைச் சும்மா கழற்றி மாட்டும் கம்பியாகவே கருதுகிறார்கள். எமக்கு அது பத்து மாதத்து அறுவடை.

உடலெடை மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. கண்ணாடியில் பெரிய வேறுபாடு இல்லை. வெறும்வயிற்றுச் சருக்கரை 101. ஒருவர் உடலைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவோம். உணவிலும் சில மாற்றங்கள் செய்தோம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எம்மால் இயலாது. 2025 சனவரியில் மீண்டும் தலைச்சோலை சென்று அதே மேட்டில் ஏறியபோது ஒருமுறை அமர்ந்தோம் என்பதை மட்டும் சாட்சியாகத் தருகின்றோம்.

இனி எம் கோரிக்கை. எமக்குச் சாவி கிடைத்தது நண்பர் ஒருவர் இருந்ததால். நம் கூடம், ஏற்கெனவே வலியவர்களை மேலும் வலியவராக்கவே திறக்கப்படுகிறது. வலியவருக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் என்பதை மறக்கலாகாது. 2014இல் கிளாசுகோ காமன்வெல்த் விளையாட்டில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற வேலூர் சத்துவாச்சாரியின் சதீசு சிவலிங்கம், எடைதூக்கும் வீரரான தந்தையின் மகன். எல்லார்க்கும் அத்தகைய தந்தை வாய்ப்பதில்லை. மூச்சு வாங்கும் மாணவர், பருமனால் கேலிக்கு ஆளாகும் மாணவர், ஓய்வை நெருங்கும் அலுவலக உதவியாளர் ஆகியோருக்கே அவ்வறை முதலில் உரியது. கருவி வாங்குவது எளிது. 2016இல் தமிழக அரசு ஊராட்சிகளில் ஐந்நூறு பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைப்பதாக அறிவித்தது. அவ்வாறு ஊர்களில் நிறுவப்பட்ட கருவிகள் சிலவற்றில் துணி உலர்வதை யாமே கண்டிருக்கின்றோம். முதல் நாள் வருபவருக்கு அருகில் நின்று "இவ்வளவு போதும்" என்று சொல்ல ஆளில்லாவிடில் இரும்பு துருப்பிடிக்கும்.

மகளிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நம் கல்லூரியில் பயிலும் மாணவியர்க்கும் பேராசிரியைகளுக்கும் அவ்வறையில் ஒரு நாழிகையும் ஒதுக்கப்படவில்லை. எங்கள் துறையின் சகோதரி ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், எம்மைவிட மூன்றாண்டு இளையவர், "உங்களுக்குச் சாவி கிடைத்தது சார், எங்களுக்குச் சன்னல் வழியாகப் பார்க்கக்கூட நேரமில்லை" என்றார். அவருடைய சருக்கரை எண் எம்முடையதைவிடக் கூடுதல். உடை, மறைவு, ஒழுங்கு எனத் தடைகள் சொல்லப்படும். அவை மெய்யான தடைகளே, இகழ்வதற்குரியவை அல்ல. ஆனால் அவற்றுக்குத் திரைச்சீலையும், தனி நேரமும், ஒரு பெண் பயிற்றுநரும் போதுமே! நூலகத்தில் மகளிர்க்குத் தனி மேசை போட முடிந்த நமக்கு இது முடியாததா? வெளியிலுள்ள ஜிம்முக்குச் செல்ல இயலாதவர்களே நம் மாணவியரில் மிகுதி. நாம் திறக்காவிடில் அவர்களுக்கு வேறு கதவு இல்லை.

வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் 2 முதல் 3.30 வரை மகளிர்க்கு. மற்ற நாள்களில் அதே நேரம் போட்டிகளில் இடம்பெறாத எவர்க்கும். இரண்டிலும் முதல் எட்டு வாரம் பயிற்றுநர் உடனிருத்தல் என வேண்டும் விண்ணப்பம் ஒன்றை வரைந்திருக்கிறோம். ஆட்சிக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை முப்பத்தொருவர் கையொப்பமிட்டுள்ளனர். அவர்களில் பத்தொன்பதின்மர் பெண்கள். தாள் தமிழ்த்துறை மேசையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை வரை அங்கேயே இருக்கும்.